காற்றும் காட்டுத்தீயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுத்தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதை எரிபொருள், நில அமைப்பு, வானிலை ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மலைச்சரிவு இடம் மாறாது. காய்ந்த சருகு ஈரமாவதற்கும் ஈரச் சருகு காய்வதற்கும் சில மணி நேரமாவது ஆகும். காற்று மட்டும் சில நிமிடங்களில் வேகத்தையும் திசையையும் மாற்றிக்கொள்ளும். தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்த சம்பவங்களின் விசாரணை அறிக்கைகள் பலவற்றில் அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் அதிகப் பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே இங்கேயும் காற்றின் வேகத்தைவிட அதன் மாற்றத்துக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஊதினால் மெழுகுவர்த்தி அணைகிறது. காற்றடித்தால் காட்டுத்தீ மட்டும் ஏன் வளர்கிறது?

மெழுகுவர்த்தியில் எரிவது திரியைச் சுற்றியுள்ள மெழுகின் ஆவி. ஊதும்போது சுடர் அந்த ஆவியிலிருந்து பிரிந்துவிடுகிறது. திரியில் மிச்சமிருக்கும் சூடு மிகக் குறைவு என்பதால் சுடர் திரும்பப் பற்றுவதில்லை. காட்டிலோ தரையெங்கும் சருகும் சுள்ளியும் கட்டையும் கனன்றுகொண்டிருக்கும். ஒரு புதரின் மேலிருந்து காற்று பிய்த்தெடுக்கும் சுவாலை அடுத்த புதரின் மேல்தான் போய் விழுகிறது.

காற்று ஆக்சிஜனைக் கொண்டுவருவதால்தான் தீ பரவுகிறது என்கிறார்களே?

அது உண்மை, ஆனால் முழு விடை ஆகாது. திறந்தவெளியில் எரியும் தீக்கு ஆக்சிஜன் பஞ்சம் அதிகம் இருப்பதில்லை. காற்று செய்யும் பெரிய வேலை சுவாலையைச் சாய்ப்பது. காற்றில்லாத நேரத்தில் சுவாலை நிமிர்ந்து நிற்கும். வெப்பத்தின் பெரும்பங்கு வானத்துக்குப் போய் வீணாகிவிடும். காற்று சுவாலையை முன்பக்கம் சாய்த்துவிட்டால் அதே வெப்பமும் சூடான வாயுக்களும் இன்னும் பற்றாத புல்லின் மேலும் புதரின் மேலும் நேரடியாகப் படிகின்றன. முதலில் அவற்றிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு சுமார் 300 டிகிரி செல்சியஸ் அளவில் அவை எரிவாயுக்களை வெளியிட்டுப் பற்றிக்கொள்கின்றன. தீ வந்து சேர்வதற்கு முன்பே எரிபொருள் தயாராகிவிடுகிறது என்று சொல்லலாம்.

இதுதவிர இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. புல்லையும் சருகையும் ஒட்டியிருக்கும் ஈரக்காற்றை அகற்றி அவற்றை வேகமாக உலர்த்துவது ஒன்று. எரியும் தணல்களைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் போடுவது மற்றொன்று. வீடுகளை அதிகம் எரிப்பது இந்தக் கடைசி வேலைதான். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

காற்றின் வேகத்தை வைத்துத் தீ ஓடும் வேகத்தைக் கணக்கிட முடியுமா?

துல்லியமாகக் கணக்கிடப் பெரிய மாதிரிகள் இருக்கின்றன. 1972-இல் ரிச்சர்ட் ராதர்மெல் உருவாக்கிய சமன்பாடுகள் அமெரிக்கக் கணினி நிரல்களில் இன்றும் அடித்தளமாக இருக்கின்றன. ஆனால் களத்தில் நிற்பவருக்கு மனக்கணக்கு வேண்டும். மிகெல் குரூஸ், மார்ட்டின் அலெக்சாண்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-இல் ஓர் எளிய விதியை முன்வைத்தார்கள். நன்றாகக் காய்ந்திருக்கும் காட்டிலும் புதர்க்காட்டிலும், திறந்தவெளியில் வீசும் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 10 சதவீத வேகத்தில் தீயின் முகம், அதாவது வேகமாக ஓடும் முன்பக்கம், முன்னேறும் என்பதே அது. முழுதும் காய்ந்த புல்வெளிக்கு இந்தப் பங்கு ஏறத்தாழ 20 சதவீதம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் தீ மணிக்கு 5 கிலோமீட்டர் போகும். அது வேக நடை. புல்வெளியில் 10 கிலோமீட்டர் போகும், அது ஓட்டம். பாறையும் முள்ளும் நிறைந்த தரையில், புகைக்கு நடுவில், முதுகில் சுமையோடு அந்த வேகத்தில் மணிக்கணக்கில் ஓடக்கூடியவர்கள் அதிகம் இல்லை.

சரிவு சேர்ந்தால் கணக்கு கெட்டுப்போகும். ஆஸ்திரேலியாவின் ஆலன் மெக்கார்தர் வகுத்த பழைய விதியின்படி, மேல்நோக்கிய சரிவு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தீயின் வேகத்தை இரட்டிப்பாக்குகிறது. 20 டிகிரிச் சரிவில் அது சமதளத்தைப்போல நான்கு மடங்கு. காற்றும் சரிவும் ஒரே பக்கம் தள்ளினால் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

வேகம் கூடினால் தீவிரமும் கூடும். ஒரு மீட்டர் நீளத் தீமுகத்தில் வெளிப்படும் வெப்பத்தை, எரிபொருளின் வெப்ப அளவு, எரியும் எரிபொருளின் எடை, தீ முன்னேறும் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கலாக ஜார்ஜ் பைரம் 1959-இல் எழுதினார். முதல் இரண்டும் மாறாமல் வேகம் மட்டும் இரட்டித்தால் தீவிரமும் இரட்டிக்கும். காலையில் மண்வெட்டியால் அடக்கக்கூடியதாக இருந்த தீ, அதே காட்டில், அதே சருகில் எரிந்தும் மாலையில் கிட்டே போக முடியாததாக மாறுவதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

வானிலை அறிக்கை சொல்லும் காற்றும் தீ உணரும் காற்றும் ஒன்றுதானா?

இல்லை. பெரும்பாலான நாடுகளில் வானிலை நிலையங்கள் திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்தில் காற்றை அளக்கின்றன. அமெரிக்கக் காட்டுத்தீ நிலையங்களின் அளவு உயரம் சுமார் 6 மீட்டர். தரையில் உராய்வதால் காற்று தணிகிறது. அடர்ந்த மரக்கூட்டத்தின் அடியில் அது திறந்தவெளிக் காற்றில் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். மரநிழலில் நின்றுகொண்டு ‘இன்று காற்றே இல்லை’ என்று முடிவு செய்பவர், காட்டுக்கு வெளியே ஒரு வெட்டவெளிக்குத் தீ வந்து சேரும்போது வேறு ஒரு தீயைப் பார்ப்பார்.

அறிக்கையில் வரும் எண் சில நிமிடங்களின் சராசரி என்பதையும் கவனிக்க வேண்டும். சராசரி 30 என்றால் வீச்சுகள் 50-ஐத் தாண்டலாம். தரையில் எரிந்துகொண்டிருக்கும் தீ மரத்தின் உச்சிக்குத் தாவுவதற்கு ஒரு பலமான வீச்சு போதும். சராசரி அதற்கு அவசியமில்லை. அதனால்தான் களக் குழுக்கள் கையடக்கக் காற்றுமானியை வைத்துக்கொண்டு அடிக்கடி அளந்து, வானொலியில் எல்லோருக்கும் அறிவிக்கின்றன. கருவி இல்லாவிட்டால் மரங்களைப் பார்த்தே மதிப்பிடலாம். இலையுள்ள சிறு மரங்கள் மொத்தமாக ஆடினால் காற்று மணிக்கு 30 கிலோமீட்டரை எட்டிவிட்டது. பெரிய கிளைகள் அசைந்து கம்பிகள் ஓலமிட்டால் 40-ஐத் தாண்டிவிட்டது என்று பியூபோர்ட் அளவுகோல் சொல்கிறது.

காற்று திசை மாறுவதை ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள்?

தீயின் வடிவத்தைப் பார்த்தால் விளங்கும். சீரான காற்றில் தீ ஒரு நீண்ட முட்டை வடிவில் வளர்கிறது. காற்று போகும் பக்கத்தில் இருப்பது தீயின் முகம். இரு பக்கங்களும் விலாக்கள். காற்று வரும் பக்கத்தில் இருப்பது வால். முகம் வேகமாக ஓடும். விலாக்கள் மெதுவாக அகலும். வால் ஊர்ந்துகொண்டிருக்கும். காற்று பலமாக இருக்க இருக்க இந்த முட்டை ஒல்லியாக நீளும்.

ஒரு தீ காலையிலிருந்து ஆறு மணி நேரம் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருக்கிறது என்று கொள்வோம். நீளம் 24 கிலோமீட்டர். அகலம் மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர்தான் இருக்கும். இதுவரை ஆபத்தான முகத்தின் அகலம் அவ்வளவே. இப்போது காற்று 90 டிகிரி திரும்புகிறது. மெதுவாகக் கனன்றுகொண்டிருந்த ஒரு விலா முழுவதும் ஒரே நேரத்தில் முகமாகிவிடுகிறது. நான்கு கிலோமீட்டர் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்த தீ 24 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓடத் தொடங்குகிறது. அந்த விலாவை ஒட்டி, ‘இது அமைதியான பக்கம்’ என்ற நம்பிக்கையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இப்போது அதன் நேர் எதிரே நிற்கிறார்கள். காற்று மாறிய பிறகு தீ எட்டிவிடக்கூடிய அந்தப் பகுதிக்கு ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘செத்தவன் வட்டாரம்’.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் இது வழக்கமான கோடைக்கால நிகழ்வு. நாட்டின் உட்பகுதியிலிருந்து வடமேற்குக் காற்று சூடாக வீசும். மாலையில் குளிர்முகம் ஒன்று, அதாவது சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, கடந்து, காற்று சட்டென்று தென்மேற்காகும். வெப்பநிலை இறங்கும், மக்கள் பெருமூச்சு விடுவார்கள், தீ திரும்பும். 1983 பிப்ரவரி 16 அன்று விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் 75 பேர் இறந்தார்கள். அன்று விக்டோரியாவின் அப்பர் பீகன்ஸ்ஃபீல்டில் இரண்டு தீயணைப்பு வண்டிகளில் இருந்த தன்னார்வலர்கள் இந்தத் திருப்பத்தில்தான் சிக்கினார்கள். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் 46.4 டிகிரி வெப்பம் பதிவானது. விக்டோரியாவின் கில்மோர் ஈஸ்ட் என்ற ஊரில் மின்கம்பி அறுந்ததில் தொடங்கிய தீ மதியம் முழுவதும் தென்கிழக்காக ஓடியது. மாலையில் காற்று மாறியதும் அதன் நீண்ட வடகிழக்கு விலா முகமாயிற்று. விக்டோரியா முழுவதும் அன்றைய தீக்களில் இறந்தவர்கள் 173 பேர்.

மாற்றத்தை முன்கூட்டியே அறிய முடியாதா?

குளிர்முகம் என்றால் பெரும்பாலும் முடியும். அது எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதை வானிலையாளர்கள் நன்றாகவே கணித்துவிடுகிறார்கள். சிக்கல் அந்தச் செய்தி களத்தில் கடைசி ஆளின் காதுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதில் இருக்கிறது. 1994 ஜூலை 6 அன்று கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 14 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். வறண்ட குளிர்முகம் வரப்போவது பற்றிய எச்சரிக்கை வெளியாகியிருந்தது. மலைச்சரிவில் வேலை செய்தவர்களிடம் அது போய்ச் சேரவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. என் பார்வையில், இத்துறையின் பெரிய குறை கணிப்பில் இல்லை; கணிப்பைக் கொண்டுசேர்ப்பதில் இருக்கிறது.

இடிமழை மேகம் வேறு வகை. அது சிதையும்போது குளிர்ந்த காற்று கொத்தாகக் கீழே இறங்கித் தரையில் மோதி எல்லாத் திசைகளிலும் பாய்கிறது. மழை இருபது முப்பது கிலோமீட்டர் தொலைவில் பெய்துகொண்டிருந்தாலும் இந்தக் காற்று வந்து சேர்ந்துவிடும். அது எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பல மணி நேரத்துக்கு முன்பே சொல்வது மிகக் கடினம். 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலையில் இப்படிப்பட்ட காற்று தீயைத் திருப்பியது. எரிந்து முடிந்த கரிநிலத்தில் இருந்த ஒரு தேர்ந்த குழு அதைவிட்டு இறங்கி ஒரு பள்ளத்தின் வழியே போய்க்கொண்டிருந்தபோது தீ வழியை மறித்தது. 19 பேர் இறந்தார்கள்.

கண்ணால் காணக்கூடிய அறிகுறிகளும் உண்டு: தொலைவில் உயரும் மேகத்தின் அடியிலிருந்து மழை திரைபோலத் தொங்குவது, புகைத்தூண் திடீரென்று நிமிர்வது அல்லது வேறு பக்கம் சாய்வது, பலமாக வீசிய காற்று காரணமில்லாமல் ஓய்வது. கடைசியில் சொன்னதைத்தான் பலர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். திசை மாறுவதற்கு முன் வரும் இடைவெளியாக அது இருக்கலாம்.

மலையில் காற்று எப்படி நடந்துகொள்கிறது?

வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகி, அவற்றை ஒட்டிய காற்று மேல்நோக்கி நகரும். தீயும் பகலில் மேலேறும். மாலைக்குப் பிறகு சரிவுகள் குளிர்ந்து காற்று கீழிறங்கும். கடலோரத்தில் இதோடு பகல் கடற்காற்றும் இரவுத் தரைக்காற்றும் சேர்ந்துகொள்ளும். இவை தினமும் நடப்பவை என்பதால் வேலைத் திட்டத்தை இவற்றை வைத்துத்தான் வகுக்கிறார்கள்.

காலை நேரத்தில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பள்ளத்தாக்கில் இரவு முழுவதும் தேங்கிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோலக் கவிந்திருக்கும். புகை மேலே போகாமல் படுத்திருக்கும். தீ சோம்பிக் கிடக்கும். வெயில் ஏறி அந்த மூடி கலைந்ததும் மேலே வீசிக்கொண்டிருந்த காற்று கீழே இறங்கிக் கலக்கும். அரை மணி நேரத்துக்குள் தீயின் போக்கே மாறிவிடும். படுத்திருந்த புகை எழுந்து நேராக மேலே போகத் தொடங்கினால், காலைப்பொழுதின் சலுகை முடிந்தது என்று பொருள்.

முகடுகளுக்கு இடையிலுள்ள கணவாய்களிலும் குறுகிய ஓடைப்பள்ளங்களிலும் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். முகட்டைத் தாண்டிய மறுபக்கத்தில் அது சுழன்று, பொதுக் காற்றுக்கு எதிராகவே தரையை ஒட்டி மேலேறுவதும் உண்டு. அந்தச் சரிவில் தீ எதிர்பாராமல் பக்கவாட்டில் பரவுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரவில் காற்று அடங்கிவிடும் என்பது எப்போதும் சரியா?

மலைகளைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்றுகளுக்கு அது பொருந்தாது. காற்று உயரத்திலிருந்து இறங்கும்போது அழுத்தத்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடாகிறது. ஒப்பு ஈரப்பதம் சரிகிறது. ஆல்ப்ஸ் மலையின் ஃபோன் காற்று, தெற்கு கலிபோர்னியாவின் சாண்டா ஆனா, வடக்கு கலிபோர்னியாவின் டையப்லோ எல்லாவற்றிலும் இது நடக்கிறது. இவற்றில் பல இரவிலும் அதிகாலையிலுமே உச்சத்தை எட்டுகின்றன. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் தீ தொடங்கியது காலை சுமார் ஆறரை மணிக்கு. எட்டு மணியளவில் அது பாரடைஸ் நகருக்குள் இருந்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனா நகரை எரித்ததும் மலைச்சரிவிலிருந்து கடலை நோக்கி இறங்கிய காற்றுதான். அங்கே தீ ஓடி முடிந்த இடம் கடற்கரை.

தீக்கு முன்னால் அகலமான சாலையோ ஆறோ இருந்தால் போதாதா?

சுவாலையை அது தடுக்கும், தணலைத் தடுக்காது. பட்டைத் துண்டுகளும் சுள்ளிகளும் கூம்புகளும் எரிந்தபடியே புகைத்தூணில் மேலேறி, காற்றோடு போய் விழுகின்றன. பெரும்பாலானவை சில நூறு மீட்டருக்குள் விழும். ஆனால் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் வகைகள் சிலவற்றில் பட்டை நீண்ட நாடாக்களாக உரிந்து சுருண்டிருக்கும். அவை வெகுநேரம் கனன்றுகொண்டே பறக்கும். 2009-ஆம் ஆண்டுத் தீயில் முகத்துக்கு 30 கிலோமீட்டருக்கும் அப்பால் புதிய தீக்கள் தோன்றின. அந்த நிலையில் முன்னால் வெட்டி வைத்த தடுப்புக் கோட்டுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

பேரழிவு நடந்த குடியிருப்புகளின் படங்களைக் கவனித்துப் பாருங்கள். வீடு தரைமட்டமாகியிருக்கும், பக்கத்தில் நிற்கும் மரத்தில் இலைகள் பச்சையாக இருக்கும். தீயின் சுவர் வந்து வீட்டை விழுங்கியிருந்தால் மரம் தப்பியிருக்காது. கூரைத் தகரக்கால்வாயில் தேங்கிய சருகில், காற்றோட்டத் துளையில், மரத் திண்ணையின் இடுக்கில் விழுந்த தணல் செய்த வேலை அது. பிறகு ஒரு வீட்டின் தணல் அடுத்த வீட்டுக்குப் பறக்கும். காட்டோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் தொலைவிலுள்ள காட்டைவிடத் தங்கள் கூரையைச் சுத்தம் செய்வதில் கவனம் செலுத்துவது நல்லது.

தீ தனக்கான காற்றைத் தானே உண்டாக்குமா?

உண்டாக்கும். சூடான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று தீயை நோக்கி இழுக்கப்படும். சிறு தீயில் இது மெல்லிய இழுப்பு. பெரும் தீயில் புகைத்தூண் பல கிலோமீட்டர் உயர்ந்து, அதன் உச்சியில் இடிமேகம் உருவாகும். அந்த மேகம் மின்னலை வீசிப் புதிய தீக்களைத் தொடங்கி வைக்கலாம். அது சிதைந்தால் கீழே பாயும் காற்று எல்லாத் திசைகளிலும் தீயைத் தள்ளும். மேலே வீசும் காற்று பலவீனமாக இருக்கும் நாட்களில் இந்தத் தூண் நிமிர்ந்து வளர்வதால், ‘காற்றில்லாத நாள்’ என்ற சொல்லை நம்பி அசட்டையாக இருப்பது தவறு.

சுழல் தீ இதன் இன்னொரு முகம். 2003 ஜனவரி 18 அன்று கான்பெராவைத் தாக்கிய தீயில் உண்மையான சூறாவளிச் சுழல் உருவானது பின்னர் ஆய்வில் உறுதியானது. 2018 ஜூலை 26 அன்று கலிபோர்னியாவின் ரெடிங் அருகே எழுந்த சுழலில் காற்று மணிக்கு 230 கிலோமீட்டரை எட்டியதாக மதிப்பிட்டார்கள். மரங்களை வேரோடு சாய்த்து, உயர் அழுத்த மின்கோபுரங்களை அது முறுக்கிப்போட்டது.

காற்று பலமாக இருக்கும்போது தீயணைப்பு வீரர்கள் என்னதான் செய்கிறார்கள்?

முகத்துக்கு எதிரே போய் நிற்பதில்லை. ஏற்கெனவே எரிந்துபோன இடம், சாலை, பாறை என்று தீ கடக்க முடியாத ஓரிடத்திலிருந்து, பெரும்பாலும் வால் பக்கத்திலிருந்து, வேலையைத் தொடங்குகிறார்கள். அங்கிருந்து விலாக்களை ஒட்டி முன்னேறி, முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குகிறார்கள். ஒரு கால் கரிநிலத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய பாடம். எந்த விலாவை முதலில் முடிப்பது? வரப்போகும் காற்று எந்த விலாவை முகமாக்குமோ அதைத்தான். மாலையில் தென்மேற்குக் காற்று வரும் என்று தெரிந்தால் காலையிலேயே வடகிழக்கு விலாவில் ஆட்களைக் குவிக்க வேண்டும். சொல்ல எளிது, கண்ணெதிரே ஊரை நோக்கி முகம் ஓடும்போது, அமைதியாக இருக்கும் விலாவுக்கு வண்டிகளை அனுப்பும் துணிவு எல்லோருக்கும் வராது.

எப்போது நேரடியாக மோதலாம் என்பதற்குச் சுவாலையின் நீளம் அளவுகோல். 1.2 மீட்டருக்குக் கீழ் இருந்தால் கைக்கருவிகளோடு முகத்தையே தாக்கலாம். 2.4 மீட்டர் வரை புல்டோசர், தண்ணீர் வண்டி, விமானம் ஆகியவற்றுக்குப் பலன் உண்டு. 3.4 மீட்டரைத் தாண்டினால் முகத்தில் செய்யும் எந்த முயற்சியும் பயனற்றது என்றே கொள்கிறார்கள். காற்று பலத்துவிட்டால் ஆள்பலமும் பணமும் இந்த வரம்பை மாற்றாது. அப்போது மக்களை வெளியேற்றுவதுதான் தீயணைப்பு வேலை.

1957-இல் அமெரிக்க வனத்துறை வகுத்த பத்துக் கட்டளைகளில் முதலாவது, தீ வானிலையையும் கணிப்பையும் எப்போதும் அறிந்திரு என்பது. 1991-இல் பால் கிளீசன் என்ற அமெரிக்கத் தீயணைப்பு வீரர் இவற்றைச் சுருக்கி நான்கு சொற்களில் தந்தார்: கண்காணிப்பாளர், தகவல் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பிடம். காற்று மாறுமுன் நான்கும் தயாராக இருக்க வேண்டும். மாறிய பிறகு ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.

ஹெலிகாப்டரும் விமானமும் இருக்கின்றனவே?

தொலைக்காட்சியில் அவை வெல்வதுபோலத் தெரியும். காற்று மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டரைத் தாண்டினால் கொட்டும் தண்ணீரும் தடுப்புக் கலவையும் சிதறி, குறி தப்பி விழுகின்றன. முகடுகளின் மேல் கொந்தளிக்கும் காற்றில் தாழப் பறப்பதே ஆபத்து. புகை பார்வையையும் மறைக்கும். லஹைனா எரிந்த அன்று காற்றின் காரணமாக ஹெலிகாப்டர்கள் பறக்க முடியவில்லை. ஆக, மிக மோசமான நாளில் வானுதவி கிடைக்காது என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். நல்ல வானிலையிலும் வானிலிருந்து கொட்டுவது தீயைத் தணிக்கும். அணைத்து முடிப்பவர்கள் தரையில் இருப்பவர்கள்.

எதிர்த்தீ என்பது என்ன? காற்று அதற்கு உதவுமா?

தீ வந்து சேருமுன் அதன் பாதையிலுள்ள எரிபொருளைத் தாங்களே எரித்து முடிப்பதுதான் எதிர்த்தீ. சாலை போன்ற ஒரு கோட்டிலிருந்து தீயை நோக்கிப் பற்றவைப்பார்கள். பெருந்தீ நெருங்கும்போது அது உள்ளிழுக்கும் காற்று எதிர்த்தீயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தைச் சரியாகக் கணிப்பதில்தான் திறமை இருக்கிறது. பொதுக்காற்று பலமாக இருந்தால் எதிர்த்தீ கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் பாய்ந்து இரண்டாவது பெருந்தீயாகும். பயிற்சியும் அனுமதியும் இல்லாதவர்கள் இதை முயலவே கூடாது.

இதன் உறவுக்கார முறை ஒன்று 1949 ஆகஸ்ட் 5 அன்று மொன்டானாவின் மான் கல்ச் பள்ளத்தில் வரலாறானது. புல்வெளியில் தீ துரத்த, குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் தன் முன்னாலிருந்த புல்லைக் கொளுத்தி, எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்தார். உடன் வந்தவர்கள் அவர் சொல்வது புரியாமல் மேலே ஓடினார்கள். டாட்ஜ் பிழைத்தார். 13 பேர் இறந்தார்கள்.

தீயை எதிர்பாராமல் சந்தித்தால் எந்தப் பக்கம் போவது?

வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுவதுதான் முதல் விடை. தீ கண்ணில் படும்வரை காத்திருக்கக் கூடாது. நடந்து போகும்போது சிக்கினால், காற்று போகும் திசையிலும் மலை மேலேயும் ஓடாதீர்கள். தீயும் அந்தப் பக்கம்தான் வேகமாக வரும். காற்றுக்குக் குறுக்காக, தீயின் விலாவைத் தாண்டி, சரிவில் கீழ்நோக்கி விலகுங்கள். குறுகிய ஓடைப்பள்ளங்களைத் தவிருங்கள். முழுவதும் எரிந்து ஆறிய நிலம், நீர்நிலை, செடியில்லாத அகன்ற வெளி ஆகியவை புகலிடம். எவ்வளவு அகலம் போதும்? சமதளத்தில், காற்றில்லாதபோது, சுவாலையின் உயரத்தைப்போல நான்கு மடங்கு தூரமாவது இடைவெளி வேண்டும் என்பது வீரர்களுக்கான விதி. காற்றும் சரிவும் இருந்தால் அதற்கும் பல மடங்கு.

காற்று தீயைத் தொடங்கி வைக்குமா?

நேரடியாக இல்லை. மின்கம்பிகளை ஒன்றோடொன்று உரசவைக்கும், கிளைகளை அவற்றின் மேல் தள்ளும், கம்பியைத் தாங்கும் தேய்ந்த கொக்கியை அறுக்கும். தீ பரவ ஏற்ற அதே நேரத்தில்தான் இவை நடக்கின்றன என்பது இதிலுள்ள கொடுமை. ஆகவே கலிபோர்னியாவில் பலத்த வறண்ட காற்று வரும் நாட்களில் சில பகுதிகளில் மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறார்கள்.

காற்று ஓய்ந்து, தீயும் அடங்கிவிட்டது. வேலை முடிந்ததா?

அமெரிக்காவின் ஓக்லாந்து குன்றுகளில் 1991 அக்டோபர் 19 அன்று ஒரு சிறு புல்தீயை வீரர்கள் அடக்கினார்கள். மறுநாள் காலை வறண்ட காற்று எழுந்தது. முந்தைய நாள் எரிந்த இடத்திலிருந்து தணல்கள் கிளம்பி, அன்றே 25 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 3,000 வீடுகள் அழிந்தன. அடக்கப்பட்ட தீ பல நாட்கள் வேருக்குள்ளும் பட்டுப்போன மரத்தின் பொந்துக்குள்ளும் புகையின்றிக் கனன்றுகொண்டிருக்கும்.

எனவே ஓரங்களை அங்குலம் அங்குலமாகக் கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் கிளறுகிறார்கள். சாம்பலின் மேல் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூட்டைத் தேடுகிறார்கள். வெப்பப்படக் கருவி இருந்தால் அதையும் பயன்படுத்துகிறார்கள். எங்கே தொடங்குவது என்பதற்கு விலாவின் விதியே இங்கும் பொருந்தும்: அடுத்த காற்று எந்த ஓரத்தைக் காட்டுக்குள் தள்ளுமோ அந்த ஓரத்தில்.